ஆடையைத் திருடியது யார்?

2018 நவம்பர் மாதம், ஈரோட்டில் ஒரு தெருமுனை. காலை ஐந்தே முக்கால் மணி. பால் பாக்கெட் போடுகிற ஏஜென்ட் தன் டிவிஎஸ் ஃபிப்டியை நிறுத்தி, நீல ட்ரேயை இறக்கிக்கொண்டிருக்கிறார். எதிரே எழுபத்திரண்டு வயது அம்மாயி ஒருவர், கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு நிற்கிறார். கிண்ணம் காலி. அதுதான் சாட்சி.

"பத்து நாளாச்சு தம்பி. தினம் ரெண்டு லிட்டரு காச்சறேன். கிண்ணத்துல கால்வாசி ஆட சேரல. பாக்கெட்டுல ஊசி போட்டு உறிஞ்சறீங்களாமே, ஊரே பேசுது..."

ஏஜென்ட் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பாக்கெட்டை எண்ணினார். சும்மா இருந்த நாலு பேருக்கு அது போதாதா? குனிந்த தலைக்கு அந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான். அந்த வாரத்திலேயே நாலு வீடு அவரிடம் பால் வாங்குவதை நிறுத்தியது. நூற்று நாற்பது வீட்டுக்குப் பால் போடுகிறவருக்கு நாலு வீடு பெரிய நஷ்டமில்லைதான். ஆனால் நாலு என்பது பத்தாகவும் முப்பதாகவும் ஆகக்கூடிய எண்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாயியின் பேரன் கோயமுத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் மூன்றாம் வருஷம் படிக்கிறான். அதே வாரம் அவனுக்கு செமஸ்டர் பரீட்சை. 13 மார்க் கேள்வி ஒன்று: பால் ஹோமோஜினைசர் வேலை செய்யும் விதத்தைப் படத்துடன் விளக்குக. பையன் படம் போட்டு, பாகம் குறித்து, இரண்டரைப் பக்கம் எழுதித் தள்ளிவிட்டான். அதன் நன்மைகள் என்ற தலைப்பில் அவன் எழுதிய முதல் வரியே, "பாலின் மேல் ஆடை படியாது" என்பதுதான். ஊரில் ஒரு மனுஷர் அந்த ஆடைக்காகத் திருடன் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது அம்மா சொல்லித் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டான். உடனே எழுந்து போய், "அவர் எடுக்கலீங்க அம்மாயி, மிஷின் பண்ற வேலைங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த இரண்டரைப் பக்கத்தையும் அம்மாயியிடம் எந்த பாஷையில் சொல்வது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. (பரீட்சை பேப்பர் திருத்துகிறவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். அவருக்கு விளக்குவது சுலபம்.)

அம்மாயியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊத்துக்குளிப் பக்கத்து கிராமம். ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. இரண்டு எருமை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, மீதியில் வெண்ணெய் எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். காலில் வலி வந்தபிறகு எருமைகளை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு ஈரோடு வந்தார். முதலில் ஒரு கறவைக்காரர் சைக்கிளில் வந்து பால் ஊற்றினார். அவரும் மாட்டை விற்றுவிட்டார். பாக்கெட் பால் வந்தது அதற்குப் பிறகுதான்.

எருமை போனாலும் நெய் காய்ச்சுவது மட்டும் போகவில்லை. காய்ச்சின பால் ஆறியதும் மேலே திரளும் ஆடையைக் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டு, ஒரு சொட்டுத் தயிர் விட்டு வைப்பார். எட்டு பத்து நாள் சேர்ந்ததும், விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி மத்தால் சிலுப்புவார். வெண்ணெய் திரண்டதும் இரண்டு முறை கழுவி, அடுப்பில் வைத்து, சடசட சத்தம் அடங்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரை. அந்த நெய் பேரனுக்கு ஹாஸ்டலுக்குப் போகும். அந்த மாதம் போகவில்லை. அம்மாயிக்குக் கோபம் பாலில் இல்லை, அதில்தான்.

இனி கொஞ்சம் பாடம். படித்தவர்கள் இந்தப் பத்திகளைத் தாவிப் போகலாம்.

பாலில் கொழுப்பு கரைந்து இருப்பதில்லை. சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு திரவத்துக்குள் அதில் கரையாத இன்னொரு திரவம் துளித்துளியாக நிற்பதற்குப் பெயர்தான் எமல்ஷன். தேங்காய்ப்பாலும் அதே ஜாதிதான், ஒரு மணி நேரம் வைத்தால் கெட்டி மேலே வந்துவிடும். மாட்டுப்பாலில் அந்த உருண்டைகளின் சராசரி குறுக்களவு மூன்று நான்கு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். எருமைப்பாலில் இன்னும் சற்றுப் பெரிது. ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் இயற்கை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தி அனுப்புகிறது. அது இருப்பதால்தான் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ணெயாகப் பிரிந்துவிடாமல் நிற்கின்றன.

கொழுப்பு தண்ணீரை விட லேசானது, அதனால் மேலே ஏறும். எவ்வளவு வேகத்தில்? ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-ல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். அதில் முக்கியமான ஒன்று, உருண்டையின் குறுக்களவு இருமடியாக வருகிறது. அதாவது அளவு பாதியானால் வேகம் பாதியாகாது, காலாகும். 4 மைக்ரான் உருண்டை அறை வெப்பநிலையில் மணிக்கு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். அதையே உடைத்து அரை மைக்ரான் ஆக்கினால் அளவு எட்டில் ஒன்று, வேகமோ அறுபத்து நாலில் ஒன்று! ஒரு நாள் முழுக்க ஏறினாலும் ஒரு மில்லிமீட்டர் தாண்டாது. கொழுப்பு பாலுக்குள்ளேயேதான் இருக்கும். மேலே வந்து நம் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

இந்த உடைக்கிற வேலையைச் செய்வதுதான் ஹோமோஜினைசர். பிரான்ஸைச் சேர்ந்த அகஸ்ட் கோலான் 1899-ல் இதற்குக் காப்புரிமை வாங்கி, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். மிஷினைப் பார்த்தால் பெரிய அதிசயமாக இருக்காது. உள்ளே வரிசையாகப் பிஸ்டன்கள் இருக்கும். அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாக்கிய பாலை அவை சுமார் 200 பார் அழுத்தத்தில் ஒரு வால்வு இடுக்கு வழியாகத் தள்ளும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்கு. இடுக்கின் அகலம் ஒரு தலைமுடித் தடிமன். அதற்குள் பால் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பாவம், கொழுப்பு உருண்டை என்ன செய்யும்? இழுபட்டு, பிய்ந்து, சிதறிவிடும். சூடாக்குவது எதற்கென்றால், குளிர்ந்த பாலில் கொழுப்பின் ஒரு பகுதி உறைந்து கெட்டியாக இருக்கும். உருகினால்தான் ஒழுங்காக உடையும். உடைந்த துளிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், குறைந்த அழுத்தத்தில் இரண்டாவது வால்வு ஒன்றையும் வைத்து அந்தக் கொத்துகளைப் பிரித்து விடுவார்கள்.

ஒரு 4 மைக்ரான் உருண்டை அரை மைக்ரான் துளிகளானால் 512 துளிகள். எண்ணிக்கையை விட முக்கியம் பரப்பு. 3 சதவீதக் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலில், எல்லாக் கொழுப்பு உருண்டைகளின் மேல்பரப்பையும் பிரித்து விரித்தால் ஐம்பது சதுர மீட்டர் வரும். நம் ஊர்க் கணக்கில் ஒன்றேகால் சென்ட். உடைத்த பிறகு அதுவே நானூறு சதுர மீட்டர், பத்து சென்ட்! ஒரு லிட்டர் பாலுக்குள் வீட்டு மனை. இந்தப் புதுப் பரப்பைப் போர்த்த பழைய சவ்வு போதாது. ஒன்றேகால் சென்ட்டுக்கு நெய்த துணி பத்து சென்ட்டுக்கு எங்கே காணும்? அப்போது பாலில் இருக்கும் கேசின் புரதம் ஓடிவந்து அந்த வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து எமல்சிஃபையர் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை, பாலே கையோடு கொண்டுவந்திருக்கிறது.

விளைவுகள் சுவாரஸ்யமானவை. துளிகள் அதிகமானதால் வெளிச்சம் அதிகமாகச் சிதறி, பால் இன்னும் வெள்ளையாகத் தெரியும். டீ நல்ல நிறம் கொடுக்கும். தயிர் கெட்டியாக உறையும், நீர் அதிகம் பிரியாது. ஆனால் வெண்ணெய்? மத்தால் கடையும்போது நடப்பது என்னவென்றால், பாதி உறைந்த பெரிய உருண்டைகள் மோதி, சவ்வு கிழிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. தண்ணீருக்குள் கொழுப்பு என்று இருந்தது கொழுப்புக்குள் தண்ணீர் என்று மாறுகிறது. விடியற்காலைக் குளிரும் குளிர்ந்த தண்ணீரும் எதற்கு என்று இப்போது புரிகிறதா? கொழுப்பு பாதி கெட்டியாக இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் எண்ணெயாகிக் குழம்பிவிடும். ஹோமோஜினைஸ் செய்த பாலில் இந்த வித்தை நடக்காது. துளிகள் மிகச் சிறியவை, மேலே கேசின் கவசம் வேறு. எவ்வளவு சிலுப்பினாலும் திரள்வது அபூர்வம்.

சரி, கதைக்கு வருவோம்.

பையன் சொல்லிப் பார்த்தான். "மிஷின்ல உடைச்சுப் பொடி பண்ணீர்றாங்க அம்மாயி, அதனால ஆட மேல வராதுங்க." அம்மாயி பாக்கு இடித்துக்கொண்டே கேட்டார். "பொடி பண்ணுனா எங்க போகும்? மொளகாயப் பொடி பண்ணுனா மொளகா இல்லாமப் போயிருமா?" நியாயமான கேள்விதான்.

அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சோதனை செய்து காட்டிவிடலாம்! தெரிந்தவர் தொழுவத்திலிருந்து கறந்த பசும்பால் கொஞ்சம் வாங்கி வந்தான். ஒரு கண்ணாடி பாட்டிலில் அது, இன்னொன்றில் பாக்கெட் பால். இரண்டும் ராத்திரி ஃபிரிட்ஜில். காலையில் எடுத்துப் பார்த்தால், கறந்த பாலின் கழுத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு அடுக்கு. பாக்கெட் பால் அடியிலிருந்து நுனி வரை ஒரே வெள்ளை. பையன் வெற்றிப் புன்னகையோடு பாட்டில்களை நீட்டினான்.

அம்மாயி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் அதையேதான் சொல்றேன். இதுல இருக்குது, அதுல இல்ல. எடுத்துட்டாங்க."

அதாவது சோதனை அமோக வெற்றி, எதிர்க்கட்சிக்கு. வெளியே வந்து பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு அம்மாயி பாட்டில்களைக் காட்டியதுதான் மிச்சம். ஐந்தாவது வீடும் ஏஜென்டை மாற்றப்போவதாகப் பேச்சு.

அறிவியல் படிக்கிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. ஆடை இல்லை என்பதை நிரூபிக்க அம்மாயிக்கு யாரும் தேவையில்லை. கொழுப்பு இருக்கிறது என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதபடி ஆக்கப்பட்ட ஒன்றைக் கண்ணுக்குத் தெரியவைக்க வேண்டும்.

வழி இருக்கிறது. அம்மாயிக்கே தெரிந்த வழிதான். சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தைகள் மனப்பாடம்: டிகிரி, ஃபேட். லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பது டிகிரி. கண்ணாடிக் குழாயில் ஆசிட் ஊற்றிச் சுற்றிப் பார்ப்பது ஃபேட். பணம் இந்த அளவுகளைப் பொறுத்துத்தான். ஃபேட் ஒரு புள்ளி குறைந்தால் அன்றைய கூலி குறையும். அம்மாயி அந்தக் காலத்தில் டெஸ்டர் பையனோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறார் என்பது அவர் ஊரில் கேட்டால் தெரியும். சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் 1890-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த முறை அது. பியூட்டிரோமீட்டர் என்ற குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். குலுக்கினால் கை சுடும், கறுப்பாகிவிடும். புரதம், சவ்வு எல்லாவற்றையும் அமிலம் கரைத்துவிட, விடுதலையான கொழுப்பு மட்டும் தனியாகத் திரளும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்து, 65 டிகிரித் தண்ணீரில் வைத்து, குழாயின் கழுத்தில் எத்தனை கோடு உயரம் மஞ்சள் நிற்கிறது என்று படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவன் கோயமுத்தூர் போகும்போது, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் இரண்டு பாலும் போயின. லேப் உதவியாளரிடம் கெஞ்சி, சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்கினான். பாக்கெட் பாலுக்கு ஒரு சுற்று போதாது, துளிகள் அவ்வளவு பொடி. மறுபடி சூடாக்கி, மறுபடி சுற்ற வேண்டும். மூன்று சுற்றுக்குப் பிறகு கழுத்தில் தெளிவாக ஒரு மஞ்சள் பத்தை நின்றது. அளவு 3.0. கறந்த பாலில் 4.2. இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை அம்மாயி அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். குழாயை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது நம்ம பாக்கெட்டா?"

"ஆமாங்க அம்மாயி."

"மூணு ஃபேட்டு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "கண்ணு, அப்ப இது உள்ளயே இருந்துருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு விளக்குகிற வேலையே இல்லாமல் போயிற்று. அவராகவே சொன்னார். ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது குடத்தில் மொண்டு வைத்தால், மணல் அப்போதே அடியில் உட்கார்ந்துவிடும். ஆனால் செம்மண் கலங்கல் ரெண்டு நாள் ஆனாலும் தெளியாது. பொடியாக இருப்பதால் உட்காரத் தெரியாது. அதற்குத்தான் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் இழைத்துவிடுவார்கள். பொடியெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் போய்விடும். "அது முங்காம நிக்குது, இது மிதக்காம நிக்குது. அப்படித்தான?"

பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஸ்டோக்ஸ் விதி மட்டுமல்ல, அதற்கு எதிர்த்திசை வைத்தியமும் சேர்த்து இரண்டு வரியில் முடிந்துவிட்டது. மிளகாய்ப்பொடி மில்லிலிருந்து வந்ததும் பேப்பரில் விரித்து ஆறவைக்காமல் டப்பாவில் போடக்கூடாது என்று அவர் சொல்வதுகூட இதே பாடத்தில் வரும் விஷயம்தான். உடைப்பதற்குச் செலவிடும் சக்தியில் புதுப் பரப்பை உண்டாக்கப் போவது மிகச் சொற்பம், மற்றதெல்லாம் சூடாகிவிடும். ஹோமோஜினைசரிலும் அப்படியே. 200 பாரில் தள்ளினால் பால் ஐந்து டிகிரி சூடேறி வெளியே வரும். ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திகூடப் பரப்புக்குப் போவதில்லை. (அம்மாயியை வைவாவுக்கு அனுப்பியிருக்கலாம்.)

ஆனால் அவர் அதோடு விடவில்லை.

"எங்க எருமப்பாலு ஏழு ஃபேட்டு இருக்கும். பசும்பாலே நாலுங்கிற. இது மட்டும் எப்படி மூணு?"

இங்கே பையன் கொஞ்சம் தடுமாறினான். உண்மையைச் சொன்னால், அம்மாயியின் குற்றச்சாட்டு பாதி சரி. பால் பண்ணையில் முதலில் செப்பரேட்டர் என்ற மிஷினில் சுற்றிக் க்ரீமைத் தனியே பிரிக்கிறார்கள். பிறகு எந்த வகைப் பாலோ அதற்கு வேண்டிய அளவு மட்டும் விட்டுவைக்கிறார்கள். சமன்படுத்திய பால் என்றால் 3 சதவீதம், நிலைப்படுத்தியது 4.5, முழுக் கொழுப்புப் பால் 6. சட்டம் வகுத்த அளவு, பாக்கெட்டில் அச்சடித்தும் இருக்கிறது. மீதிக் க்ரீம் வெண்ணெயாகவும் நெய்யாகவும் வேறு விலையில் கடைக்கு வரும். ஆக ஆடை எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் ஊசியால் அல்ல, ஏஜென்டால் அல்ல, ராத்திரி இருட்டில் அல்ல. பகிரங்கமாக, பண்ணையில். எடுத்தது போக மீதி இருந்ததும் கண்ணில் படாமல் போனது ஹோமோஜினைசரால்.

பையன் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துக் காட்டினான். எழுத்து அரிசி அளவுக்கும் சின்னது, பெரும்பகுதி இங்கிலீஷ். அம்மாயி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, இறக்கிவிட்டு, முயற்சி செய்து பார்த்துக் கைவிட்டார்.

"முன்னெல்லாம் ஆடயப் பாத்தா பாலு தெரிஞ்சுரும். தண்ணி ஊத்துனாலும் தெரிஞ்சுரும். இனி எதப் பாத்துத் தெரிஞ்சுக்கறது, சாமி?"

அவன் படித்த புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அங்கே கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் க்ரீம் கோடு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் வீட்டுப் பெண்கள் பாலை மதிப்பிட்டார்கள். கோடே இல்லாத பாலை ஏற்றுக்கொள்ள அவர்களுக்குப் பல வருஷம் பிடித்தது. 1930, 40-களுக்குப் பிறகுதான் அது அங்கே சகஜமாயிற்று. ஆடை படியாதது நன்மை என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. டேங்கரில் க்ரீம் ஒட்டி வீணாகாது, முதல் பாக்கெட்டுக்கும் கடைசி பாக்கெட்டுக்கும் வித்தியாசம் வராது. பண்ணைக்கு அது நன்மைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அடுப்படியில் ஒரு பைசா செலவில்லாமல் தினமும் நடந்துகொண்டிருந்த தரப் பரிசோதனை ஒன்று அதனால் நின்றுபோனது என்பதை எந்தப் புத்தகமும் குறைகள் பட்டியலில் எழுதவில்லை. சூரிய வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வாடை வரும் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள்!

ஞாயிறு காலை ஐந்தரைக்கே அம்மாயி எழுந்து, பேரனையும் எழுப்பிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். ஏஜென்ட் இவர்களைப் பார்த்ததும் மறுபடி ட்ரேயைப் பார்த்துக் குனிந்தார்.

"தம்பி, நான் சொன்னது தப்பு. பாலு சரியாத்தான் இருக்குது. பையன் ஃபேட் பாத்துட்டான்."

அவர் நிமிர்ந்தார். நம்பாமல் பேரனைப் பார்த்தார். பையன் செல்போனை நீட்டினான். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இருவரும் எதிர்பார்க்காதது.

"இல்லீங்கம்மா... நானும் இத்தன வருஷமா அப்படித்தானுங் நெனச்சிட்டிருந்தேன். கம்பெனில எதோ பண்றாங்க, நாம கொண்டாந்து போடறோம்னு. எங்கூட்லயும் ஆட வராதுங்க. அதான் நீங்க கேட்டப்ப வாய் வரலீங்."

பன்னிரண்டு வருஷமாகப் பால் போடுகிறவர். தான் விற்கும் சரக்கு கொள்ளை போன சரக்கு என்று நம்பிக்கொண்டு, தினம் நாலு மணிக்கு எழுந்து வந்திருக்கிறார். பையன் பாக்கெட்டின் பின்பக்கத்தை அவருக்கும் படித்துக் காட்டினான். ஹோமோஜினைஸ்டு என்ற வார்த்தையைத் தினமும் பார்த்திருக்கிறாராம். பாலின் பெயர் என்று நினைத்தாராம்.

அன்று சாயங்காலம் அம்மாயி காலை இழுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் நேரில் போனார். மகள் போகட்டும் என்று சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சொன்ன வாயிதான் போய்ச் சொல்லோணும்." மூன்று வீடு அடுத்த நாளே திரும்பி வந்தது. நாலாவது வீட்டு அம்மா தேத்தாங்கொட்டைக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, காபி கொடுத்து அனுப்பினார். பாலை மட்டும் மாற்றவில்லை. அவர் வாங்கிக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனி பாக்கெட்டிலும் ஹோமோஜினைஸ்டு என்று போட்டிருந்தது. பேரன் பார்த்துவிட்டான், சொல்லவில்லை.

நெய் இப்போது வேறு வழியில் வருகிறது. மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஊத்துக்குளிப் பக்கம் போனால் ஒரு கிலோ வெண்ணெய் வாங்கி வருகிறார்கள். உருக்குவது அம்மாயிதான், முருங்கைக்கீரை பழைய வீட்டு மரத்தில் பறித்தது. ஆடை சேர்த்த எவர்சில்வர் கிண்ணத்தில் புளி ஊறுகிறது.